மருந்துப் பையில் வராத காளான்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இப்போது வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, பண்டாரவளையில ஒரு கடையில காளான் கோப்பி விக்கிறாங்களாம். இதய நோயாளி ஒருத்தர் பாக்கெட்டையே கொண்டுவந்து, குடிக்கலாமான்னு கேக்கிறார். என்ன சொல்றது?"

"முதல்ல அவரைக் கும்பிடு. அப்புறம், டாக்டரைக் கேக்காம வேணாம்னு சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குடிப்பதற்கு முன்னால் கொண்டுவந்து காட்டுகிற நோயாளியை உருவாக்க நாங்கள் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. அந்தக் கதையைத் தொலைபேசியில் சொல்லி முடியாது என்றதும், "அப்ப எழுதிக் குடுங்க அக்கா, புதுசா வந்தவங்களுக்கும் காட்டலாம்" என்று பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் மாத்திரை எண்ணிய கை இது. கட்டுரை எழுதக் கொஞ்சம் அடம்பிடிக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பூனாகலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள். எங்கள் தோட்ட டிவிஷனிலிருந்து மருந்தாளர் படிப்புக்குக் கொழும்பு போன முதல் பெண் நான்தான். பெருமைதான், மறைப்பானேன். விடுதியில் இரண்டு வருடம் பருப்பும் சம்பலும் தின்று, பாதி புரியாத சிங்களத்திலும் முக்கால் புரியாத ஆங்கிலத்திலும் படித்துத் தேறினேன். பிறகு பதுளைப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்தகம். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

வேலை சின்னதாகத்தான் தெரியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டாக்டர் எழுதிய துண்டு வரும், இந்தப் பக்கம் மாத்திரை போகும். ஆனால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. போத்தலை அலுமாரியிலிருந்து எடுக்கும்போது லேபலை ஒரு தடவை வாசிக்க வேண்டும். தட்டில் கொட்டும்போது ஒரு தடவை. திரும்ப வைக்கும்போது ஒரு தடவை. மாத்திரையை விரலால் தொடக்கூடாது, தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ண வேண்டும். ஆபத்தான மருந்து என்றால் எண்ணியவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. வரிசை வாசல்வரை நின்றாலும் நான் இதில் ஒன்றையும் விட்டதில்லை. ஒரே ஒரு நாள் ஒரு கையெழுத்து குறைந்தது. அந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தலைமை மருந்தாளர் ஜவ்ஃபர் சேர். பதுளை டவுன்காரர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கலாம் போல் துடைத்த சப்பாத்து. யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நாம் எண்ணிய தட்டை வாங்கி, ஒன்றும் பேசாமல் மறுபடி எண்ணுவார். சரியாக இருந்தால் தலையாட்டுவார். பிழை என்றால் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, "இரிங்க" என்பார். அந்த "இரிங்க"வுக்கு நாங்கள் பயந்த பயம் கொஞ்சமல்ல.

நான் சேர்ந்த புதிதில், கவ்வாத்து வெட்டுகிற ஒருவர் முன்கையைக் கத்தியால் கிழித்துக்கொண்டு வந்தார். தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்குகிற அந்தக் கத்தியின் கூர்மை, பார்த்தவர்களுக்குத் தெரியும். காயத்தின் மேல் கபில நிறத் தூளை அப்பியிருந்தார். உருண்டையாக முளைத்துக் காய்ந்து, தட்டினால் புகை கக்குமே, அந்தக் காளானின் தூள். தோட்டத்துப் பிள்ளையாகப் பிறந்தும், படித்துவிட்ட திமிரில் நான் சிரித்தேன். ஜவ்ஃபர் சேர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"சிரிக்க வாணாம், தேவகி. ரத்தம் நின்டிருக்குத்தானே? ஆனா மண்ணும் போயிருக்கும். கழுவச் சொல்லுங்க, டெட்டனஸுக்கு ஏற்பூசி போடச் சொல்லுங்க."

அவர் பார்வை அப்படி. நாட்டு வைத்தியத்தைக் கண்டு முகம் சுளிக்கவும் மாட்டார், தலையில் தூக்கி வைத்து ஆடவும் மாட்டார். ஒருநாள் பெனிசிலின் பெட்டியைக் காட்டி, "இதுவும் பூஞ்சணம் குடுத்ததுதான்" என்றார். உண்மைதான். கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை இனத்தில் முதலாவதைப் பூஞ்சணத்தில்தான் கண்டெடுத்தார்கள். சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கிற ஒரு மருந்து மண்ணில் வாழும் பூஞ்சணத்திலிருந்து வந்தது. எங்கள் அலுமாரியில் காளானின் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் குடியிருந்தார்கள். இன்று கப்சூலாகவும் கோப்பியாகவும் விற்கிற சிவப்பு மரக்காளானைச் சீனத்தில் தொன்றுதொட்டு மருந்தாக வைத்திருக்கிறார்கள். அதன் சாற்றில் என்னென்னவோ சத்துகள் இருப்பதாக ஆய்வுகூடங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனிதருக்கு இவ்வளவு கொடுத்தால் இந்த நோய் குணமாகும் என்று முடிந்த முடிவாகச் சொல்லக்கூடியது இன்னும் அதிகமில்லை. விற்கிறவர் மட்டும் எல்லாம் முடிந்துவிட்டது போலப் பேசுவார்.

இனி அந்த ஒரு நாள்.

செல்வநாயகி என்றொரு நோயாளி. நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவர், நாற்பத்து நாலு வயது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டு, கொழும்பில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். அப்படி வைத்தவர்கள் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டி உயிர் போகும். கூடினால் இரத்தம் நிற்காமல் ஒழுகி உயிர் போகும். அதனால் இரத்தத்தைச் சோதித்து, அது உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஓர் எண் பார்ப்போம். அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு வருடமாக அழகாக இருந்தது. வேலைக்குப் போனார், திருவிழாவுக்குப் போனார், கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் புதுசு போல் வைத்திருந்தார்.

திடீரென்று ஒரு மாதம் எண் நாலைத் தாண்டியது. டாக்டர் மாத்திரையை நாலு மில்லிகிராமிலிருந்து மூன்றாகக் குறைத்தார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது குறையவேண்டிய எண் ஏழை நெருங்கியிருந்தது. பல் ஈறில் இரத்தம். கொழுந்துக் கூடையின் கயிறு படுகிற இடமெல்லாம் நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்தது. உடனே வார்டில் சேர்த்தார்கள்.

பெரிய டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டனுப்பினார். மாத்திரை சரியாகக் கொடுக்கப்பட்டதா?

ஜவ்ஃபர் சேர் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு வாரத்துக்கு முந்திய அந்தத் திகதியில், செல்வநாயகியின் பெயருக்கு நேரே என் கையெழுத்து மட்டும் இருந்தது. சரிபார்த்தவர் இடம் வெறுமை. அன்று கூட வேலை செய்தவர் லீவு, வரிசை நீளம், சேர் கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். காரணம் சொல்ல எனக்கு மூன்று இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் இருந்தது.

முக்காலியை இழுத்துப் போட்டார். "இரிங்க."

மூன்று மில்லிகிராம் மாத்திரை எங்களிடம் நீலம். பக்கத்துப் போத்தலில் ஐந்து, அது இளஞ்சிவப்பு. மூன்றுக்குப் பதில் ஐந்தைக் கொடுத்திருந்தால் எண் இப்படித்தான் ஏறும். "நீலம்தான் சேர், எனக்கு நிச்சயம்" என்றேன். சொன்ன மறுகணம் அந்த நிச்சயம் போய்விட்டது. அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். ஒரு தடவை நீலமாகத் தெரிந்தது, மறுதடவை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. மேலே வார்டில் ஒரு பெண் கிடக்கிறாள், கீழே நான் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வார்டுக்கு ஓடினேன். "மாத்திரை எங்கம்மா?"

"வீட்டுல இருக்குங்க மிஸ். கொண்டாரல."

"வேற ஏதாவது மருந்து குடிச்சீங்களா? நாட்டு மருந்து, கசாயம், கடை மாத்திரை?"

"இல்லைங்க மிஸ். நீங்க குடுத்தது மட்டுந்தாங்க." கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

கணவர் ராமையா அவரை வார்டில் விட்டுவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தார். மறுநாள் ஞாயிறு. நானே போய் மாத்திரையைப் பார்த்து வருகிறேன் என்றேன். ஜவ்ஃபர் சேர் யோசித்தார்.

"உங்கட பிழையா இல்லையான்டு பாக்க நீங்களே தனியாப் போறது சரியில்ல. நானும் வாறன்."

"அவர் வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுத்து நிறத்தைக் கேட்டா என்ன சேர்?"

"ஃபோன்ல கேட்டா நாம விரும்புற நிறத்தைச் சொல்லுவாங்க. கண்ணால பாக்க வேணும்."

பஸ்ஸில் போய் இறங்கி, தேயிலை மலையில் ஒற்றையடிப் பாதையாக ஏறினோம். மழை விட்ட சேறு. சேரின் சப்பாத்து என்ன நிறம் என்று யாரும் சொல்ல முடியாத நிலைக்கு வந்தது. அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு படிக்கும் நீலமா, இளஞ்சிவப்பா என்று எண்ணிக்கொண்டே ஏறினேன்.

ராமையாவுக்கு ஆஸ்பத்திரிக்காரர் இரண்டு பேர் வீடு தேடி வந்ததில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலை உதறினார், பாய் விரித்தார், சாமி படத்துக்குக் கீழே இருந்த காகித உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். சேர் தன் கைக்குட்டையை விரித்து அதில் கொட்டினார். மாத்திரைகள் எல்லாமே நீலம். இருபத்தெட்டு கொடுத்திருந்தேன், பதினாலு இரவு போயிருந்தது, பதினாலு மிச்சம். சேர் ஐந்து ஐந்தாக எண்ணி, மறுபடி எண்ணி, என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் கை பிழை செய்யவில்லை! ஒரு நிமிடம் அந்த வீட்டுக்காரியை முழுதாக மறந்து, எனக்காக மட்டும் சந்தோஷப்பட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். ஏனென்றால், மாத்திரை சரி என்றால் அவளுக்கு ஏன் இரத்தம் கசிகிறது என்பது யாருக்கும் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தி எண்ணை இறக்கி அனுப்பலாம். காரணம் வீட்டிலேயே இருந்தால், அவள் திரும்பி வந்த மறுவாரம் அது மறுபடி அவளைப் பிடிக்கும்.

சேர் சுற்றிலும் பார்த்தார். "வீட்டுல வேற மருந்து?"

"சத்தியமா இல்லைங்க ஐயா. தலைவலிக்குப் பெனடோல் கூட வாங்குறதில்லை. டாக்டர் அம்மா வேணாம்னு சொன்னதிலேருந்து." சொல்லிக்கொண்டே ராமையா அடுப்படிக்குப் போய், இரண்டு கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார். "குடிங்க ஐயா. மிஸ், நீங்களும் குடிங்க. ஒடம்புக்கு நல்லதுங்க."

ஒரு மிடறு குடித்தேன். நாக்கு சுருண்டது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தேத்தண்ணியின் கசப்பு எது, மற்றக் கசப்பு எது என்று தெரியாதா?

"அண்ணே, இதுல என்ன போட்டிருக்கீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் போல, அடுப்புக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே காய்ந்த மரக்காளான் சீவல்கள். சீவாத ஒன்றும் இருந்தது. விசிறி மாதிரி விரிந்து, வார்னிஷ் அடித்தது போல் கபிலச் சிவப்பில் மின்னியது.

"எங்கப்பா இருமலுக்கு மரக்காளான்தாங்க அவிச்சுக் குடிப்பாரு. போனமாசம் ஃபோன்ல ஒரு வீடியோ பாத்தேன். இதே காளான், சீனாவுல ராசாமாருக்குக் குடுத்ததாம், இருதயத்துக்கு அப்படி நல்லதாம். மாத்திரையா விக்கிறான், நம்மளால வாங்க முடியுமாங்க? நான் கவ்வாத்து வெட்டுற மலையில, பட்டுப்போன நெழல்மரத்து அடியில இது பூத்து நிக்குது! காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்குப் போறதுக்கு முன்ன ஒரு சீவல் கொதிக்கவச்சு அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுப்பேன். அவ சோந்துபோயிட்டான்னதும், மூணு சீவலா ஆக்கிட்டேங்க."

அவள் சோர்ந்தது இரத்தம் கசிந்ததால். அதற்கு மருந்தென்று அவர் கூட்டியது கசியவைத்ததையே.

"ஆஸ்பத்திரியில கேட்டாங்களே அண்ணே, ஏன் சொல்லல?"

"மருந்து குடிச்சியான்னுதாங்க கேட்டாங்க. இது தேத்தண்ணி தானுங்களே?"

அவர் பொய் சொல்லவில்லை. தோட்டத்தில் மருந்து என்றால் டிஸ்பென்சரியில் கொடுப்பது, கசாயம் என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் குடிப்பது தேத்தண்ணி. அதற்குள் என்ன விழுந்தாலும் அது தேத்தண்ணிதான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த எனக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் ஜன்னலில் உட்கார்ந்து அத்தனை வருடமாக "வேற மருந்து குடிச்சீங்களா" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். கையெழுத்து குறைந்ததைவிட அதுதான் என் பெரிய பிழை.

ஜவ்ஃபர் சேர் அப்போது நடந்துகொண்ட விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "நீங்க செஞ்ச வேலை" என்று அவர் குற்றஞ்சாட்டத் தொடங்கவே இல்லை. கோப்பையில் பாதியைக் குடித்திருந்தார், மரியாதைக்கு. அதைக் கீழே வைத்து, "ராமையா, அந்த மாத்திரையும் இந்தக் காளானும் ஒரே திசையில இழுக்குது போல. ரெண்டும் சேந்தா ரத்தம் நிக்காது. இதை நிப்பாட்டுவம்" என்றார். பிறகு டின்னை மூடி, ஒட்டுக் காகிதத்தில் செல்வநாயகி பெயர், திகதி, இடம், "மரக்காளான், வகை உறுதியில்லை" என்று எழுதி, தான் கையெழுத்துப் போட்டு, என்னிடம் நீட்டினார். இரண்டாவது கையெழுத்து நான் போட்டேன்.

ராமையாவுக்கு மெல்லத்தான் உறைத்தது. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நாந்தாங்களா?" என்றார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "நீங்க நல்லது நெனச்சீங்க அண்ணே. நாங்க கேள்வியைச் சரியாக் கேக்கல" என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, எனக்கு அது உண்மை.

மருந்து கொடுத்து, மாத்திரையை நிறுத்தி, நாளுக்கு ஒரு தடவை இரத்தம் பார்த்து, ஒரு வாரத்தில் செல்வநாயகியின் எண் இறங்கியது. வால்வில் இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இறக்குவது கயிற்றில் நடப்பது மாதிரி. பெரிய டாக்டர் அதைச் செய்தார். காளான் மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அதை நிறுத்திய பிறகு அதே பழைய நாலு மில்லிகிராமில் எண் பழையபடி நின்றது என்று அவர் பிறகு கொப்பியில் எழுதினார். சாப்பாட்டுக் காளானுக்குப் பயப்பட வேண்டாம் என்பதையும் நான் சொல்லிவிட வேண்டும். சந்தையில் வாங்கும் சிப்பிக் காளானைக் குழம்பு வைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மருந்து என்று சொல்லி நாள்தோறும் காய்ச்சிக் குடிப்பது வேறு கதை.

அந்த மாதமே சேரிடம் போய், கிளினிக் தாளில் கேள்வியை மாற்ற வேண்டும் என்றேன். "வேறு மருந்து எடுக்கிறீர்களா" என்பதை அடித்துவிட்டு, "காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போவதையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள்" என்று எழுதினேன். சேர் இரண்டு தடவை வாசித்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து எங்கள் ஜன்னலில் என்னென்ன வெளியே வந்தது தெரியுமா? சுகர் மாத்திரைக்கு மேல் குடித்த பாகற்சாறு, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய கப்சூல், சாமியார் கொடுத்த தூள். இப்போது பாக்கெட்டையே கொண்டுவந்து காட்டுகிறார்கள். என் முப்பத்தொரு வருடத்தில் நான் மார்தட்டிக்கொள்கிற ஒரே விஷயம் அந்த ஒற்றைக் கேள்விதான்.

ஆனால் செல்வநாயகி ஏன் சொல்லவில்லை என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ராமையா மருந்து என்று நினைக்கவில்லை, சரி. இவள் குடித்தவள் அல்லவா? வீட்டுக்குப் போகிற அன்று கட்டிலருகே போய் உட்கார்ந்தேன்.

"அந்தத் தேத்தண்ணி கசக்கலையாம்மா உங்களுக்கு?"

"கசந்துச்சுங்க மிஸ். வேப்பெண்ண மாதிரி."

"பின்ன ஏன் குடிச்சீங்க? ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு வார்டு வாசலைப் பார்த்தாள். அங்கே ராமையா பையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கல்யாணம் கட்டி இருபத்திரண்டு வருசங்க. நான்தான் முந்தி எந்திரிச்சு, தண்ணி புடிச்சு, தேத்தண்ணி போட்டு அவரை எழுப்புவேன். இந்த ஒரு மாசந்தாங்க அவரு எந்திரிச்சு எனக்குப் போட்டுக் குடுத்தாரு. சொன்னா நிப்பாட்டிருவீங்க இல்லைங்களா?"

எழுந்து வாசலுக்குப் போனேன். "அண்ணே, காளானைத்தான் நிப்பாட்டச் சொன்னோம். தேத்தண்ணியை யாரும் நிப்பாட்டச் சொல்லல" என்றேன். அவர் விளங்காமல் விழித்தார். விளங்கியதும் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த கிளினிக்கில் அவள் ஜன்னலுக்கு வந்தாள். எண் இரண்டு தசம் எட்டு. கன்றல்களெல்லாம் மறைந்திருந்தன. புதுக் கேள்வியைக் கேட்டேன். காலையிலிருந்து வாய்க்குள் என்ன போகிறது?

"மொதல்ல தேத்தண்ணிங்க" என்றாள். குரல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. "அவருதாங்க போடுறாரு. கசப்புப் போயிருச்சு. இப்ப சீனிதான் அள்ளிக் கொட்டுறாரு."

"எத்தனை கரண்டி?"

"நாலுங்க."

அவள் கொப்பியில் நானே எழுதினேன்: தேத்தண்ணி, காலை ஒரு வேளை, சீனி ஒரு கரண்டி, கணவர் கையால் தொடரவும். கையெழுத்துப் போட்டு, சரிபார்க்க ஜவ்ஃபர் சேரிடம் நீட்டினேன். அவர் வாசித்தார். மறுபடி வாசித்தார். பேனாவை எடுத்துப் பக்கத்திலேயே தன் கையெழுத்தையும் போட்டார்.